ஆராய்ச்சி மணியும் கைபேசிச் செயலியும்



ஊரை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் வாழும் நம்மில் பெரும்பாலோர் கையில் இன்று ஒரு கைபேசி இருக்கிறது. ஊரிலிருக்கும் பெற்றோருக்குப் பணம் அனுப்புவதும், பொங்கலுக்குப் புறப்பட ரயிலில் இடம் பிடிப்பதும், மின்சாரக் கட்டணம் செலுத்துவதும் அதிலுள்ள செயலிகளின் வழியாகவே நடைபெறுகின்றன. ஒரு நாள் காலையில் எழுந்து பார்க்கிறோம். நேற்று வரை பழகியிருந்த செயலி இன்று புது வேஷம் பூண்டு நிற்கிறது. பணம் அனுப்பும் பொத்தானை இருந்த இடத்தில் காணோம். கோபம் பொங்கி வருகிறது. உடனே செயலிக் கடைக்குள் நுழைந்து, ஐந்தில் ஒரே ஒரு நட்சத்திரத்தை அளித்து, "ஒன்றுக்கும் உதவாது" என்று எழுதிவிட்டுச் சற்றே ஆறுதல் அடைகிறோம்.

அப்படி எழுதிய அந்த ஒரு வரி எங்கே போய்ச் சேருகிறது? அதை யாரேனும் படிக்கிறார்களா? படித்தால்தான் என்ன பயன்? இக்கேள்விகள் நம் மனத்தில் எழுவது இயற்கையே. இன்றைய நிலையில் அந்த வரியைப் பல இடங்களில் மனிதர் படிப்பதற்கு முன்னால் ஓர் இயந்திரம் படிக்கிறது. படித்து, பிரித்து, எண்ணி, அதிலிருந்து அடுத்த பதிப்பில் என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலை வகுக்க முற்படுகிறது. அந்த இயந்திரம் எவ்வாறு படிக்கிறது, எதைக் கண்டுகொள்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில், மென்பொருளின் தேவை என்பது யாது எனக் காண்போம். வீடு கட்டப் புகும் கொத்தனார் செங்கல்லை எடுப்பதற்கு முன்னால் நம்மைச் சில கேள்விகள் கேட்கிறார். சமையலறை எந்தத் திசையில் வேண்டும்? வீட்டில் வயதானவர் உண்டா? படிகள் உயரமாக இருக்கலாமா? இக்கேள்விகளுக்கான விடைகளே அந்த வீட்டின் தேவைகள். அவற்றைப் பிழையாக அறிந்துகொண்டவர் எவ்வளவு உறுதியாகக் கட்டினாலும், அது நாம் குடியிருக்கத்தக்க வீடாகாது. மென்பொருளுக்கும் இது பொருந்தும். அது கண்ணுக்குப் புலப்படாத பொருளாதலால், தேவையை அறிவது மேலும் கடினமாகிறது.

இக்கடினத்தை அத்துறையினர் வெகு காலமாகவே உணர்ந்திருக்கின்றனர். 1968-இல் ஜெர்மனியிலுள்ள கார்மிஷ் என்னும் ஊரில் கணிப்பொறி வல்லுநர்கள் கூடி, மென்பொருள்கள் ஏன் காலம் கடந்தும் குறைகளோடும் வந்து சேருகின்றன என்று ஆராய்ந்தனர். மென்பொருள் பொறியியல் என்ற பெயர் பரவலாக வழங்கத் தொடங்கியது அந்த மாநாட்டிற்குப் பிறகுதான். பின்னர் 1987-இல் அமெரிக்க அறிஞர் பிரெடெரிக் புரூக்ஸ் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மென்பொருள் ஆக்கத்தில் மிகவும் கடினமான பகுதி, எதை ஆக்க வேண்டும் என்பதைத் திட்டவட்டமாக முடிவு செய்வதே என்று அவர் அதில் வாதித்தார்.

அக்காலத்தில் தேவைகளை அறிவதற்கு நேரில் செல்வதே வழியாக இருந்தது. ஒரு வங்கிக்கு மென்பொருள் ஆக்குவோர் அங்குள்ள எழுத்தரோடும் மேலாளரோடும் உட்கார்ந்து பேசுவார்கள். வினாத்தாள் கொடுத்து விடை பெறுவார்கள். வேலை நடக்கும் முறையை அருகிலிருந்து கவனிப்பார்கள். பயன்படுத்துவோர் சிலராகவும் தெரிந்தவராகவும் இருந்ததால் இது இயன்றது.

2008-ஆம் ஆண்டு இந்த நிலையை மாற்றிவிட்டது. அவ்வாண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடையும், அக்டோபரில் கூகுளின் ஆண்ட்ராய்டு சந்தையும் திறக்கப்பட்டன. அது முதல் ஒரு செயலியை ஆக்கியவர் தம் பயனாளரை முகம் பார்த்து அறிவதில்லை. அவர் கோயம்புத்தூரில் இருக்கலாம், கொல்கத்தாவில் இருக்கலாம், கோலாலம்பூரில் இருக்கலாம். ஆயினும் அந்தக் கடைகள் ஒரு வாயிலைத் திறந்து வைத்தன. யார் வேண்டுமானாலும் நட்சத்திரம் இடலாம். நாலு வார்த்தை எழுதலாம்.

இதைக் கேட்கும்போது நமக்கு மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி நினைவுக்கு வருகிறது அல்லவா? குறையுடையோர் யாவரும் வந்து அடிக்கலாம் என்று திருவாரூரில் அரண்மனை வாயிலில் அம்மன்னன் மணி கட்டி வைத்திருந்தான் என்பது நாம் வழிவழியாகக் கேட்டு வரும் கதை. செயலிக் கடையின் கருத்துப் பகுதியும் அத்தகையதொரு மணிதான். ஒரே ஒரு வேற்றுமை: இந்த மணி நாள் முழுதும் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. பெயர் பெற்ற ஒரு செயலிக்கு ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கருத்துகள் வந்து குவியக்கூடும். 2013-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் இருவர் ஆப்பிள் கடையிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளைத் திரட்டி ஆராய்ந்தனர். புதிய பதிப்பு வெளியான முதற்சில நாட்களிலேயே பெரும்பாலான கருத்துகள் எழுதப்படுகின்றன என்றும், பிறகு வேகமாகக் குறைந்துவிடுகின்றன என்றும் அவர்கள் கண்டனர். வெள்ளம்போல் ஒரே சமயத்தில் வரும் இவற்றைக் கண்ணால் படித்து முடிப்பது எந்த அலுவலகத்துக்கும் எளிதன்று. எனவேதான் இயந்திரத்தின் உதவி நாடப்பட்டது.

இயந்திரம் செய்யும் வேலையை நான்கு படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதற்படி, புடைத்தல். நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் அரிசியை இட்டுப் புடைத்துப் பதரை நீக்குவதுபோல, பயனற்ற வரிகளை நீக்குவதே இது. "அருமை", "மோசம்" என்ற தனிச் சொற்களால் ஆக்கியோருக்குச் செய்தி எதுவும் கிடைப்பதில்லை. 2014-இல் நம் ஹைதராபாத் நகரில் நடைபெற்ற உலக மென்பொருள் பொறியியல் மாநாட்டில் இதற்கான முறை ஒன்று விளக்கப்பட்டது. அதை வகுத்தவர்கள் ஆராய்ந்து பார்த்த கருத்துகளில் நூற்றுக்குச் சுமார் 35 மட்டுமே செயலியைத் திருத்துவதற்கு நேராக உதவும் செய்தியைக் கொண்டிருந்தன. மற்றவை பதர்.

இரண்டாம் படி, இனம் பிரித்தல். பயனுள்ள கருத்துகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. "படத்தை இணைத்தால் செயலி நின்றுவிடுகிறது" என்பது கோளாறு பற்றிய புகார். "இரவில் கண் கூசாதபடி கறுப்புத் திரை இருந்தால் நன்று" என்பது புதிய வசதிக்கான வேண்டுகோள். "வகுப்பில் குறிப்பெடுக்க இதைத்தான் பயன்படுத்துகிறேன்" என்பது அனுபவம். வெறும் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் நான்காம் வகை. இவற்றைப் பிரிக்க இயந்திரத்துக்கு யார் கற்றுக்கொடுப்பது? மனிதர்தாம். முதலில் சில ஆயிரம் கருத்துகளை மனிதர் படித்து, இது புகார், இது வேண்டுகோள் என்று அடையாளமிடுகின்றனர். எந்தச் சொற்கள் எந்த வகையோடு சேர்ந்து வருகின்றன, வினை எந்தக் காலத்தைக் காட்டுகிறது, எத்தனை நட்சத்திரம் இடப்பட்டது என்பனவற்றை இயந்திரம் கணக்கிட்டுக் கற்கிறது. பிறகு தான் முன்பு கண்டிராத கருத்தையும் வகைப்படுத்துகிறது. நான்கு வகையில் இது எது என்று ஒரே கேள்வியாகக் கேட்பதைவிட, இது புகாரா, அன்றா. இது வேண்டுகோளா, அன்றா என்று தனித்தனியே கேட்பது நற்பயன் தருகிறது என 2015-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

மூன்றாம் படி, ஒன்று சேர்த்தல். "உள்ளே நுழைய முடியவில்லை" என்கிறார் ஒருவர். "கடவுச்சொல்லை ஏற்கமாட்டேன் என்கிறது" என்கிறார் மற்றொருவர். சொற்கள் வேறாயினும் குறை ஒன்றே. இவ்வாறு பொருளால் ஒத்தவற்றை ஒரு கட்டாகக் கட்டுகிறது இயந்திரம். நான்காம் படி, வரிசைப்படுத்தல். எத்தனை பேர் சொன்னார்கள், எவ்வளவு கோபத்தோடு சொன்னார்கள், எந்தப் பதிப்புக்குப் பிறகு சொன்னார்கள் என்பனவற்றைக் கொண்டு, முதலில் கவனிக்க வேண்டியவை மேலே வைக்கப்படுகின்றன.

2018-க்குப் பிறகு வந்த மொழி மாதிரிகள் இந்த வேலையை மிகவும் எளிதாக்கியிருக்கின்றன. சொற்களைத் தனித்தனியே எண்ணாமல், வாக்கியத்தின் முன்பின் தொடர்பை வைத்துப் பொருளை உணர அவை முயல்கின்றன. 2022-இன் இறுதியிலிருந்து மக்களிடையே பரவிய உரையாடும் இயந்திரங்களோ ஆயிரம் கருத்துகளைச் சுருக்கி, ஒரு பக்க அறிக்கையாகவே தந்துவிடுகின்றன. அழகிய நடையில் அமைந்த அந்த அறிக்கையில், எவரும் சொல்லாத ஒன்றும் இடையில் நுழைந்துவிடுவதுண்டு. ஆகவே ஒவ்வொரு முடிவுக்கும் ஆதாரமான மூலக் கருத்துகளை உடன் வைத்து ஒப்பு நோக்குவது இன்றியமையாதது.

நேயர்களே, இதுவரை கேட்டதிலிருந்து, இனி மென்பொருள் அமைப்போர் யாரையும் தேடிச் செல்ல வேண்டியதில்லை, மணி அடித்தாலே போதும் என்று தோன்றக்கூடும். அவ்வாறு எண்ணுவது பெரும்பிழையாகும். ஏன் என்பதை எனக்குத் தெரிந்த ஒரு சிறு நிகழ்ச்சியால் விளக்குகிறேன்.

மும்பைத் தாராவியில் நான் நன்கறிந்த மூதாட்டி ஒருவர் இட்லி விற்கிறார். திருநெல்வேலிப் பக்கத்தவர். எங்களுக்கெல்லாம் அவர் ஆச்சி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்கில் ஒரு காசு பிசகாது. பேரன் ஒருவன் கைபேசியில் பணம் பெறும் செயலி ஒன்றை வைத்துக் கொடுத்திருந்தான். எழுத்தறியாத ஆச்சி இடத்தை அறிந்து வைத்திருந்தார். பச்சை வட்டத்தைத் தொட்டால் வந்த பணம் தெரியும். அதற்குக் கீழே இருக்கும் நீலத்தைத் தொட்டால் மாவு அரைத்துக் கொடுப்பவருக்குப் பணம் போகும். இப்படி நிறத்தையும் இடத்தையும் மனப்பாடம் செய்து இரண்டு ஆண்டுகள் ஒருவர் துணையின்றி வியாபாரம் நடத்தினார்.

ஒரு நாள் அந்தச் செயலியின் புதிய பதிப்பு வந்தது. வட்டங்கள் மறைந்தன, நிறங்கள் ஒன்றாயின, பொத்தான்கள் எழுத்தால் மட்டும் வேறுபட்டு நின்றன. அன்று நான் கடைக்குப் போனபோது ஆச்சி கைபேசியை ஒரு துணியில் சுற்றி ஓரமாக வைத்திருந்தார். "சில்லறை இருந்தா குடுங்க தம்பி. இனிமே அதைத் தொடப் போறதில்லை" என்றார். "ஆச்சி, இந்தக் குறையை அவர்களுக்கு எழுதலாமே" என்றேன். "எழுதத் தெரிஞ்சா நான் ஏன் தம்பி இப்படி உட்கார்ந்திருக்கேன்?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

அன்றிரவு அச்செயலியின் கருத்துப் பகுதியைப் புரட்டிப் பார்த்தேன். புதிய தோற்றம் எளிமையாக இருக்கிறது, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று பலர் ஐந்து நட்சத்திரம் இட்டிருந்தனர். அவர்கள் கூறியது பொய்யன்று. அக்கருத்துகளை இயந்திரத்திடம் கொடுத்தால், புதிய தோற்றம் வரவேற்கப்பட்டது என்றே அது முடிவு கூறும். அதன் கணக்கும் பிழையன்று. ஆனால் அந்தக் கணக்கில் ஆச்சி இல்லை. படிக்கத் தெரியாதவரால் "எனக்குப் படிக்கத் தெரியாது" என்று எழுத முடியாதல்லவா? யாருக்குத் தேவை மிகுதியோ, அவர்தம் குரலே மணியின் கயிற்றுக்கு எட்டாமல் போகிறது. தானாகத் திரட்டும் முறையின் முதற்குறை இதுவே.

இரண்டாவது குறை, நமக்கு மேலும் நெருங்கியது, அது மொழி. நம்மவர் பலர் கருத்து எழுதும்போது தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர். இடையிடையே ஆங்கிலச் சொல்லும், மும்பையில் இருப்பவர் இந்திச் சொல்லும் கலந்துவிடுகின்றனர். ஒருவர் ஈரெழுத்து இடும் இடத்தில் மற்றொருவர் ஓரெழுத்து இடுகிறார். ஆங்கிலத்தில் மட்டுமே பழக்கப்பட்ட இயந்திரம் அதைக் கண்டால், பொருளற்றது என்று பதரோடு பதராகத் தள்ளிவிடக்கூடும். "சூப்பரான செயலி, போட்ட பணம் வந்து சேரவே இல்லை" என்ற கிண்டலைக் கண்டால், முதற்சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு பாராட்டு எனக் கருதவும் கூடும். இக்குறையைப் போக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. 2020-இல் ஆராய்ச்சியாளர் சிலர், யூடியூப் காணொளிகளின் கீழே தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதப்பட்ட 15,000-க்கும் மேற்பட்ட கருத்துகளைத் திரட்டி, அவை பாராட்டா, பழிப்பா என்று மனிதரைக் கொண்டு அடையாளமிட்டு வெளியிட்டனர். இத்தகைய பயிற்சித் தொகுப்புகள் பெருகப் பெருகத்தான் இயந்திரத்துக்கு நம் பேச்சு விளங்கும்.

மூன்றாவது, பொய்க் கருத்துகள். கூலி கொடுத்துப் புகழ எழுதுவிப்போரும், போட்டியாளரை இகழ எழுதுவிப்போரும் உண்டு. இதைக் கட்டுப்படுத்தும் நோக்கத்தோடு 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 19000 என்ற தரநெறி வெளியாயிற்று. நுகர்வோர் கருத்துகளை எவ்வாறு திரட்டுவது, சரிபார்ப்பது, வெளியிடுவது என்பதை அது வகுத்துரைக்கிறது.

நான்காவது, நுட்பமான குறை ஒன்று உண்டு. மக்கள் கேட்பதும் அவர்களுக்குத் தேவையானதும் எப்போதும் ஒன்றல்ல. "எழுத்தைப் பெரிதாக்குங்கள்" என்று ஒருவர் கேட்கிறார். உண்மையில் அவருக்கு வேண்டியது எழுத்தன்று. தம் தந்தை பிறர் துணையின்றி ஓய்வூதியக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதே. பெரிய எழுத்து அதற்கு ஒரு வழி. குரலில் படித்துச் சொல்வது மற்றொரு வழி. எது தக்கது என்பதை இயந்திரத்தின் எண்ணிக்கை சொல்லாது. மருத்துவர் நோயாளி சொல்வதைக் கேட்டுக்கொண்டு நாடியையும் பார்ப்பதுபோல, அமைப்போர் கருத்தையும் படித்து, கருத்துக்குப் பின்னால் இருக்கும் மனிதரையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இது வணிகச் செயலிகளோடு நின்றுவிடும் விஷயமன்று. மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர்ப்பு இணையதளம் 2007-இல் தொடங்கப்பட்டது. அங்கு வந்து குவியும் மனுக்களைச் செயற்கை அறிவின் துணையால் ஆராய்வதற்காக, 2021-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யுடன் உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. எந்த மாவட்டத்தில் எந்தக் குறை மிகுகிறது என்று மனுக்களின் தொகுதியிலிருந்து உணர்வதற்கு இத்தகைய முறை பேருதவியாகும். அங்கும் எழுதியவரின் குறையே எண்ணப்படும். எழுதாதவரை யாரேனும் சென்று காண வேண்டும்.

இனி நாம் செய்யத்தக்கது என்ன? சில சொல்கிறேன். கருத்து எழுதும்போது "மோசம்" என்று நிறுத்திவிடாமல், என்ன செய்துகொண்டிருந்தோம், என்ன நடக்கும் என எதிர்பார்த்தோம், உண்மையில் என்ன நடந்தது என்ற மூன்றையும் எழுதுவோம். கைபேசியின் வகையையும் செயலியின் பதிப்பு எண்ணையும் சேர்ப்போம். அப்படிப்பட்ட வரி முறத்தில் பதராகப் பறந்து போகாது. ஒரு கருத்தில் ஒரு குறையை மட்டும் சொன்னால் இனம் பிரிப்பதும் எளிது. பிறர் அனைவரும் காணும் இடமாதலால், கணக்கு எண்ணையோ, தொலைபேசி எண்ணையோ, பெற்ற இரகசிய எண்ணையோ அங்கே ஒருபோதும் எழுதலாகாது. தமிழில் எழுதக் கூடியவர்கள் தமிழ் எழுத்திலேயே எழுதுவோமாக. தமிழில் குறை கூறுவோர் இத்தனை பேர் என்ற கணக்கு அவர்கள் பட்டியலில் ஏறினால்தான், தமிழில் வசதி வேண்டும் என்பதும் ஒரு தேவையாக ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத இயலாதவருக்காக ஒரு வரி எழுதுவோம். வீட்டில் உள்ள முதியவர், கட்டட வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்க்காரர், பக்கத்துக் கடை ஆச்சி, இவர்களில் ஒருவருக்கு எங்கே கை தடுமாறுகிறது என்று கேட்டு எழுதுவது பத்து நிமிட வேலை.

நானும் அதைச் செய்தேன். ஆச்சியின் அருகில் உட்கார்ந்து, அவர் விரல் எங்கே போய் எங்கே நிற்கிறது என்று பார்த்து, எழுத்தறியாதவர் நிறத்தையும் இடத்தையும் கொண்டே வழி அறிகிறார் என்பதைத் தமிழில் எழுதி அனுப்பினேன். இன்றுவரை விடை வரவில்லை. ஒருவேளை அது இன்னும் ஏதோ ஒரு கட்டில், ஒரே ஒருவர் சொன்ன குறை என்று பட்டியலின் அடியில் கிடக்கலாம். மற்றோர் ஐம்பது பேர் அதையே எழுதினால் அது மேலே ஏறும்.

மென்பொருள் அமைக்கும் துறையில் நம் பிள்ளைகள் பலர் பெங்களூரிலும் புணேயிலும் ஹைதராபாத்திலும் பணியாற்றுகின்றனர். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. இயந்திரம் தரும் பட்டியலைப் பயன்படுத்துங்கள். அது உங்கள் உழைப்பை வெகுவாகக் குறைக்கும். ஆனால் எந்த மொழியிலிருந்து எத்தனை கருத்துகள் வந்தன, எவை தள்ளப்பட்டன என்பதையும் ஒரு முறை பாருங்கள். மாதத்தில் ஒரு நாளாவது, கருத்து எழுதாத ஒருவர் உங்கள் செயலியைப் பயன்படுத்துவதை அருகிலிருந்து பாருங்கள்.

ஆராய்ச்சி மணிக் கதையில் கயிற்றை இழுத்தது பேசத் தெரியாத ஒரு பசு. மணியோசை மட்டும் மன்னனுக்கு அதன் குறையைச் சொல்லிவிடவில்லை. அவன் அரண்மனையை விட்டு இறங்கி வாயிலுக்கு வந்தான். நின்றுகொண்டிருந்தது பசு என்று கண்டான். அதற்கு நேர்ந்தது என்ன என்று விசாரித்து அறிந்தான். மணி எவ்வளவு நன்றாக ஒலித்தாலும், இறங்கி வந்து பார்க்கும் வேலை மனிதருடையதாகவே இருக்கிறது.